நைட்டிங்கேல் அம்மையாரின் கணக்கேடு

இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரிலே, 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், செல்வம் மிக்க ஆங்கிலக் குடியொன்றில் ஒரு பெண்மகவு பிறந்தது. பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் அம்மகவுக்குச் சூட்டினர். அவரே பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். நோயாளரைப் பேணுதல் கூலிப் பெண்டிர்க்குரிய இழிதொழில் என அந்நாட்டு மேற்குடியினர் எண்ணிய காலம் அது. ஆதலின் பெற்றோர் அவர்தம் விருப்பத்துக்குப் பல்லாண்டு தடையாய் நின்றனர். கிரிமியப் போரில் அவர் விளக்கேந்திய வரலாற்றை நம் இல்லத்துச் சிறாரும் அறிவர். ஈண்டு அதனை விரிப்பது மிகை. விளக்கைப் புகழ்வோர் அவருடைய கணக்கேட்டை மறந்துவிடுகின்றனர் என்பதே எம் குறை.

பொதுமக்கள் அம்மையார் பெயரால் ஏறத்தாழ 45,000 பவுன் திரட்டினர். அந்நிதியைக்கொண்டு 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் வைத்தியசாலையில் தாதியர் பள்ளி நிறுவப்பெற்றது. நாட்டுப்புறத்து ஏழைப் பெண்டிர்க்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவிச்சியரைப் பயிற்றும்பொருட்டு, கிங்ஸ் காலேஜ் வைத்தியசாலையிலும் அந்நிதியின் உதவியால் ஒரு பிரசவ வார்டு தொடங்கிற்று. அந்தோ! அங்கே பிள்ளை பெற்ற தாய்மார் பலர் பிரசவ ஜுரத்தால் மாண்டனர். 1867இல் வார்டு மூடப்பட்டது.

தம் பெயரால் நடந்த பள்ளிக்கு நேர்ந்த இழுக்கை மூடி மறைப்பதே உலகியல்பு. அம்மையாரோ, நோயுற்றுத் தாமே பெரும்பாலும் அறையினின்று வெளிவராதிருந்தும், பல தேசத்துப் பிரசவ விடுதிகளின் மரணக் கணக்குகளைத் தருவித்து ஒப்பிட்டு, 1871இல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்து முழுமையும் 1000 பிரசவங்களுக்கு ஏறத்தாழ 5 தாய்மார் இறக்க, தம் வார்டில் அதே கணக்குக்கு ஏறத்தாழ 33 பேர் இறந்தனர் என்பதையும் அதிலே மறையாது எழுதினார். குடிசையிற் பெற்றவள் பிழைத்தாள். வைத்தியசாலையை நம்பி வந்தவள் மாண்டாள். அந்நாளில் கிருமிக் கொள்கையை அம்மையார் ஏற்றிலர். ஆயினும், தாய்மாரை ஒரே கூடத்தில் நெருக்கி வைத்தல் தீது என அவர் கண்ட முடிபு பழுதன்று.

நோயாளியை மனையிலேயே பேணுவதில் அவர்க்கு முன்னரே நாட்டம் இருந்தது. லிவர்பூல் வணிகராகிய வில்லியம் ராத்போன் என்பார், ஏழையர் இல்லங்களுக்குத் தாதியரை அனுப்ப விரும்பி அம்மையாரை வினவ, அதற்குரிய தாதியரை அங்கேயே பயிற்றுமாறு அவர் கூறினார். அவ்வண்ணமே 1862இல் அந்நகரில் ஒரு பள்ளி எழுந்தது. நகர் 18 வட்டாரங்களாக வகுக்கப்பெற்றது. தாதியர் நோயாளிக்கு மருந்திட்டதோடு நில்லாமல், வீட்டைத் தூய்மை செய்யவும் காற்று வரச் சாளரம் திறக்கவும் வீட்டார்க்குக் கற்பித்தனர்.

எழுபது கடந்த முதுமையிலும் அவர் ஓய்ந்தாரல்லர். 1892இல் பக்கிங்காம்ஷயர் கிராமங்களில், நோயாளரைப் பேணும் தாதியரின் வேறாக, நோய் வருமுன் காக்கும் வழியை இல்லத்தரசியர்க்கு உரைக்கும் மாதரைப் பயிற்றச் செய்தார். மேடைப் பேச்சோடு நில்லாது குடிசைதோறும் சென்று, குழந்தையை நீராட்டும் முறை முதலியவற்றை அவர்கள் நேரிற் காட்டுதல் வேண்டும் என்பது அம்மையார் விதித்த ஏற்பாடு.

1910 ஆகஸ்ட் 13ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அரசர் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தும் உறவினர் இசைந்திலர். ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூரிலே, பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டும், பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டுமே அவர்க்கெனக் கல்லிற் பொறிக்கப்பட்டுள.