ஆர்னோல்ட் ரோத்ஸ்டைன்

ஆர்னோல்ட் ரோத்ஸ்டைன் (ஜனவரி 17, 1882 – நவம்பர் 6, 1928) ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வாழ்ந்த பெரும் சூதாட்டக்காரர். குற்றச் செயல்களை வணிகம்போல் முதலீடு, கடன், பங்கு என ஒழுங்குபடுத்தி நடத்திய முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

இளமை

மான்ஹாட்டனில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஆபிரகாம், தொழில் தகராறுகளில் நடுவராக அழைக்கப்படும் அளவுக்கு நேர்மையாளர் எனப் பெயர் பெற்றவர். மகனோ பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திச் சூதாட்டத்தில் இறங்கினார். கணக்கில் மிகுந்த திறமை இருந்தது. ஆடுவதைவிட ஆடுபவர்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுப்பதே நிலையான வருவாய் என்பதை விரைவில் கண்டுகொண்டார். 1910 வாக்கில் மான்ஹாட்டனில் சொந்தச் சூதாட்ட விடுதி நடத்தினார்.

1919 உலகத் தொடர்

1919 ஆம் ஆண்டு பேஸ்பால் உலகத் தொடரில் சிகாகோ வைட் சாக்ஸ் அணி, சின்சினாட்டி ரெட்ஸ் அணியிடம் 5–3 எனத் தோற்றது. சிகாகோ வீரர்கள் பணம் பெற்றுக்கொண்டு தோற்றதாக மறு ஆண்டு அம்பலமானது. முன்னாள் குத்துச்சண்டை வீரர் ஏப் அட்டெல், ரோத்ஸ்டைனின் பெயரைச் சொல்லி வீரர்களிடம் பேரம் பேசியிருந்தார். பணம் உண்மையில் ரோத்ஸ்டைனுடையதா, அல்லது சதியை அறிந்து அவர் பந்தயம் மட்டும் கட்டினாரா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிகாகோவில் விசாரணைக் குழுமுன் தாமே சென்று சாட்சியமளித்த அவர்மீது வழக்குப் பதிவாகவில்லை. 1921 இல் விசாரிக்கப்பட்ட வீரர்களை நீதிமன்றம் விடுவித்தும் எட்டு வீரர்கள் வாழ்நாள் தடை பெற்றனர்.

மதுவிலக்குக் காலம்

1920 இல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்ததும் சாராயக் கடத்தலுக்கும், பின்னர் போதைப்பொருள் வணிகத்துக்கும் முதலீடு செய்தார். லக்கி லூசியானோ, மேயர் லான்ஸ்கி போன்ற பிற்காலக் குற்றத் தலைவர்கள் இவரிடம் தொழில் கற்றவர்களே. 1925 இல் வெளியான தி கிரேட் கேட்ஸ்பி புதினத்தின் மேயர் வூல்ஃப்ஷைம் பாத்திரம் இவரைத் தழுவியது.

கொலையும் பின்விளைவும்

1928 செப்டம்பரில் பல நாள் நீடித்த போக்கர் சீட்டாட்டத்தில் சுமார் 3,20,000 டாலர் தோற்றார். ஆட்டத்தில் மோசடி நடந்ததாகக் கூறிப் பணம் தர மறுத்தார். நவம்பர் 4 அன்று பார்க் சென்ட்ரல் விடுதியில் சுடப்பட்டார். சுட்டவர் யாரென்று காவல்துறையினர் கேட்டும் சொல்லாமலே இரு நாட்களில் இறந்தார். ஆட்டத்தை நடத்திய ஜார்ஜ் மெக்மேனஸ்மீது வழக்கு நடந்து, 1929 இல் அவர் விடுதலையானார்.

வாழ்ந்தபோது எந்த வழக்கிலும் தண்டனை பெறாத ரோத்ஸ்டைனின் கொடுக்கல் வாங்கல்கள் இறந்தபின் வெளிவந்தன. அவரிடம் சுமார் 20,000 டாலர் கடன் பெற்றிருந்த நீதிபதி ஆல்பர்ட் விட்டாலே 1930 இல் பதவி நீக்கப்பட்டார். அதையொட்டி நகர நிர்வாக ஊழல் குறித்துத் தொடங்கிய சீபரி விசாரணை, 1932 இல் நகரத்தந்தை ஜிம்மி வாக்கர் பதவி விலகும்வரை சென்றது.