செயினுக்கு ஆயுள் கொடுத்த ஹான்ஸ் ரெனால்டு!

காலையில் பள்ளிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. அன்று முதல் பீரியடே தேர்வு. ராசிபுரம் சாலையிலோ, ஆத்தூர் சாலையிலோ ஓர் ஏற்றம் வருகிறது. எழுந்து நின்று பெடலை அழுத்தி மிதிக்கிறீர்கள். கடக்கென்று ஒரு சத்தம்! கால் சறுக்குகிறது, முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. செயின் பல்லை விட்டுத் தாவிவிட்டது!

இந்தத் தொல்லை உங்களில் பலருக்கும் பழக்கமானதுதானே? செயின் ஏன் தேய்கிறது, அதை எப்படி நீண்ட நாள் உழைக்க வைப்பது என்று 1880-லேயே யோசித்து விடை கண்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ஹான்ஸ் ரெனால்டு.

1852-ம் ஆண்டு ஜூலை 31-ம் தேதி, சுவிட்சர்லாந்து நாட்டின் ஆராவ் என்ற ஊரில் பிறந்தார் ரெனால்டு. இயந்திரங்கள் என்றால் அவருக்கு உயிர். பொறியியல் படித்தார். 1873-ல், 21 வயதில், வேலை தேடி இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்குப் போனார்.

ஏன் மான்செஸ்டர்? நம் திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போனால் தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம் கேட்கும் அல்லவா? அதேபோல அன்று மான்செஸ்டர் முழுக்கப் பஞ்சாலைகளும் தறிகளும்தான். அந்த இயந்திரங்களை ஓட்டச் செயின்கள் தேவைப்பட்டன. மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் அத்தகைய செயின்களைச் செய்து வந்தார். அவருடைய சிறிய பட்டறையை 1879-ல் ரெனால்டு விலைக்கு வாங்கினார்.

அந்நிய நாடு. சிறிய பட்டறை. செய்யும் பொருளோ சீக்கிரம் தேய்ந்துபோகும் செயின். தேய்ந்த செயினை விற்றவரிடம் யார் மீண்டும் வாங்க வருவார்கள்? ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற நிலை ரெனால்டுக்கு.

செயினைக் கூர்ந்து கவனித்தார். ஒவ்வொரு கண்ணியையும் அடுத்ததோடு இணைப்பது ஒரு குட்டி ஆணி. பழைய செயினில் உள் தகட்டின் மெல்லிய துளை விளிம்பு மட்டும் அந்த ஆணியில் உரசியது. இருந்த பாரம் முழுவதும் அந்தச் சிறிய இடத்தில்தான் விழுந்தது. அதனால்தான் ஆணி சீக்கிரம் தேய்ந்தது.

குடம் சுமக்கும்போது தலையில் ஏன் சும்மாடு வைக்கிறார்கள்? பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவட்டும் என்றுதானே! ரெனால்டு செய்ததும் அதுதான். இரண்டு உள் தகடுகளுக்கும் நடுவில் ஒரு சிறு குழாயைப் பொருத்தினார். மெக்கானிக் அண்ணன்கள் இதை 'புஷ்' என்பார்கள். ஆணி அந்தப் புஷ்ஷுக்குள் திரும்பியது. பாரம் ஆணியின் நீளம் முழுக்கப் பரவியது. புஷ்ஷின் மேல் ஓர் உருளை சுழன்று பல்லோடு உரசுவதைக் குறைத்தது. 1880-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். செயினின் ஆயுள் கூடியது!

1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், செயினால் பின் சக்கரத்தை ஓட்டும் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டு வந்தார். பிறகு உலகமெங்கும் சைக்கிள் பரவியது. கூடவே ரெனால்டு வகைச் செயினும் பரவியது. கியர் இல்லாத சைக்கிளில் இன்றும் ஓடுவது அதே வகைதான்.

ரெனால்டு தொழிலாளர்களையும் மறக்கவில்லை. பல ஆலைகளில் அதிக நேரம் வேலை வாங்கிய காலம் அது. 1896-லேயே தன் தொழிற்சாலையில் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று குறைத்தார்.

சரி, உங்கள் செயின் ஏன் தாவுகிறது? ரெனால்டைப் போல நீங்களும் துப்பறிந்து பார்க்கலாம். அப்பாவையோ அண்ணனையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செயின் ஓடும்போது விரலைக் கிட்டே கொண்டு போகவே கூடாது!

முதல் சோதனை: செயின் நின்ற பிறகு அதன் நடுப்பகுதியை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் அசைந்தால் சரி. தொளதொளவென்று தொங்கினால் தளர்ந்துவிட்டது என்று பொருள். பின் சக்கரத்தின் இரண்டு நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, கோணாமல் நடுவில் நிறுத்தி இறுக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை: பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றச் சொல்லிப் பாருங்கள். ஏதாவது ஒரு கண்ணி நிமிராமல் மடங்கியே வருகிறதா? துருவும் மண்ணும்தான் காரணம். மரவள்ளி டிராக்டர் கிளப்பும் தூசி போதாதா! துணியால் துடைத்து, அந்த இணைப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெல்ல அசைத்துக் கொடுத்தால் இளகிவிடும்.

மூன்றாவது சோதனைக்கு உங்கள் ஸ்கேல் போதும். ஓர் ஆணியின் நடுவைப் பூஜ்ஜியத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த ஆணியிலிருந்து 1, 2 என்று 20 வரை எண்ணுங்கள். புதுச் செயினில் 20-வது ஆணியின் நடு 25.4 சென்டிமீட்டரில் இருக்கும். 25.6-ஐத் தாண்டினால் செயின் தேய்ந்துவிட்டது! இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஆணியும் புஷ்ஷும் தேய்ந்து, ஒவ்வொரு இணைப்பிலும் இடைவெளி கூடுகிறது. அவ்வளவுதான். நீண்ட செயின் பல்லில் சரியாக உட்காராது. அழுத்தி மிதித்ததும் தாவும். இறுக்கினாலும் பயன் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

பற்களையும் பாருங்கள். கொக்கி போல வளைந்து கூர்மையாகிவிட்டால், அதில் புதுச் செயினைப் போட்டாலும் தாவும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது. செயின் தாவாமலே பெடல் மட்டும் சும்மா சுற்றுகிறதா? அது ஃப்ரீவீலின் உள்ளே இருக்கும் கோளாறு. சைக்கிள் கடைக்குக் கொண்டு போய்விடுங்கள்.

தேய்மானத்தைத் தள்ளிப்போட வழி உண்டு. செயினைத் துடைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வழியும் எண்ணெயில்தான் மண் ஒட்டும். மழையில் நனைந்த பிறகு மறக்காமல் செய்யுங்கள்.

1943-ம் ஆண்டு மே 2-ம் தேதி, 90-வது வயதில் ரெனால்டு மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 2008-ல் கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தோடு கைகோத்து நம் நாட்டிலும் செயின் தொழிலில் இறங்கியது.

எல்லோரும் தேய்ந்த செயினைக் கழற்றிப் போட்டு வேறு வாங்கினார்கள். ரெனால்டு மட்டும் அது ஏன் தேய்ந்தது என்று கேட்டார். அடுத்த முறை செயின் தாவினால் சைக்கிளை உதைக்காதீர்கள், நண்பர்களே! ஸ்கேலை எடுங்கள், காரணத்தைக் கண்டுபிடியுங்கள்!