வேலூர் மருத்துவமனை கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார்

உள்ளூர் வைத்தியத்தில் தீராத வியாதி என்றால் வேலூருக்குக் கொண்டு போங்கள் என்று சொல்வது நமது சுந்தரபாண்டியத்திலும் வழக்கந்தான். அம்மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றில் நமது சமுதாயப் பெண் ஒருவரின் மரணமும் இடம் பெற்றிருப்பதைப் பலர் அறியார்.

1870ல் இராணிப்பேட்டையில், அமெரிக்க மருத்துவப் பாதிரியார் ஒருவரின் மகளாகப் பிறந்த அம்மையாருக்கு மருத்துவத்தில் நாட்டமே இருக்கவில்லை. 1890களின் தொடக்கத்தில், நோயுற்ற தாயாரைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். அங்கே ஓர் இரவில் மூவர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்றும்படி அவரை வேண்டினர். அவர்களுள் ஒருவர் முஸ்லிம். டாக்டரான தம் தந்தையாரை அழைத்து வருவதாக அம்மையார் கூறியும், அந்நிய ஆடவர் பார்ப்பதை மூவருமே மறுத்துத் திரும்பினர். காலையில் மூன்று பெண்களும் மரணித்த செய்தி வந்தது. பர்தாவைப் பேணியதைக் குறை கூற நாம் இதனை எழுதவில்லை. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆலிம் அம்மனிதருக்கு அருகில் இல்லாமற் போனாரே என்றுதான் வருந்துகிறோம்.

அம்மையார் அமெரிக்கா சென்று 1899ல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1902ல் வேலூரில் 40 படுக்கைகளுடன் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது.

பென்சிலின் நம் நாட்டு மருத்துவமனைகளுக்கு வர இன்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. அறுவை சிகிச்சை எத்துணைத் திறமையாக முடிந்தாலும், பின்னர் அழுக்குக் கை பட்டுப் புண்ணில் சீழ் பிடித்தால் பிழைப்பது அரிது. பிரசவித்த தாய்க்கு ஜன்னி கண்டாலும் அதே கதிதான். கைகளைத் தேய்த்துக் கழுவுதல், கத்தி கத்தரிகளைக் கொதிநீரிலிடுதல், கட்டுத்துணிகளை நீராவியில் வேகவைத்தல், அவ்வாறு சுத்தம் செய்தவற்றை வெறுங்கையால் தொடாதிருத்தல் ஆகியவையே அன்றைய பாதுகாப்பு. ஒரு டாக்டர் 40 கட்டில்களின் அருகிலும் இரவு பகலாக நிற்க இயலுமா? நிற்பவர் நர்சுதான். அம்மையார் நர்சுகளுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது 1909ல். பெண் டாக்டர்களுக்கான பள்ளி அதற்கு 9 ஆண்டுகள் பிந்தி 1918ல்தான் வந்தது. இவ்வரிசை கவனிக்கத்தக்கது. நாமோ நோய் விசாரிக்கச் சென்று, கை கழுவாமலே நோயாளியின் கட்டிலில் அமர்கிறோம்; வெளியே நிற்கும்படி நர்சு சொன்னால் முகம் சுளிக்கிறோம்!

அப்பயிற்சிப் பள்ளி 1946ல் மதராஸ் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்ததைக் கண்ணாரக் கண்ட அம்மையார், 1960 மே மாதம் கொடைக்கானலில் தமது 89ஆம் வயதில் காலமானார்.