ஸ்வீடன் நாட்டுக் குயில் ஜென்னி லிண்ட்

1850-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் துறைமுகத்தில் சுமார் 30 ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள். கப்பல் பாலத்தில் நிற்க இடமில்லை. பக்கத்துக் கட்டிடங்களின் கூரைகளிலும், நங்கூரம் பாய்ச்சி நின்ற கப்பல்களிலும் மனிதத் தலைகளே தெரிந்தன. பச்சிலைகளாலும் மலர்களாலும் வளைவுகள் கட்டியிருந்தார்கள். 'அட்லாண்டிக்' என்ற நீராவிக் கப்பல் மெல்ல மெல்லக் கரையை நெருங்கியது. அதிலிருந்து எளிய உடை அணிந்த ஒரு பெண் இறங்கினார். அவருக்கு வயது 29. பெயர் ஜென்னி லிண்ட்.

கூட்டத்தில் அவருடைய பாட்டைக் கேட்டவர்கள் அநேகமாக யாருமே இல்லை. அவரை வரவழைத்த பார்னம் கூட அதுவரை ஒரு பாட்டும் கேட்டதில்லை. அப்படியிருந்தும், அந்தப் பெண் ஏறிய வண்டியின் பின்னால் ஊரே ஓடியது. வண்டிக்குள் இருப்பவர் யார் என்று ஜனங்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா? அதற்காகவே பார்னம் வண்டிக்காரன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இந்த ஆரவாரம் எதையும் ஜென்னி தேடிப் போகவில்லை. ஆனால் அதிலிருந்து வரும் பணம் அவருக்குத் தேவையாக இருந்தது.

ஜன்னலோரத்துச் சிறுமி

ஜென்னி 1820-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி ஸ்வீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் பிறந்தார். அவர் பிறந்தபோது தாய்க்கும் தந்தைக்கும் திருமணம் ஆகியிருக்கவில்லை. அது நடந்தபோது ஜென்னிக்கு வயது 14. தாய் ஒரு சிறு பள்ளிக்கூடம் நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அன்பு குறைந்த வீடு அது. பாட்டி ஒருவர்தான் குழந்தையின் குரலில் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

ஒன்பது வயதில் ஜென்னி தன் பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பாடுவாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தி, அரசாங்க நாடக மன்றத்து நடனக்காரி ஒருவரின் வேலைக்காரி. அவள் தன் எஜமானியிடம் போய்ச் சொன்னாள். எஜமானி சிறுமியை வரவழைத்துப் பாடச் சொல்லிக் கேட்டார், அசந்துபோனார். சில நாட்களில் ஜென்னி அரசாங்கச் செலவில் நாடக மன்றப் பள்ளியில் சேர்க்கப்பட்டாள். பத்து வயதிலேயே மேடை ஏறினாள்.

1838-ம் ஆண்டு, 17-வது வயதில், இசை நாடகத்தில் முதல் முதலாகக் கதாநாயகியாகப் பாடினார். ஒரே இரவில் ஸ்டாக்ஹோம் முழுவதும் அவர் பெயர் பரவியது. ஆனால் ஓய்வின்றிப் பாடியதில் மூன்றே ஆண்டுகளில் தொண்டை கெட்டது. உச்ச ஸ்தாயி கம்மியது. நடு ஸ்தாயி கரகரத்தது.

1841-ல் அவர் பாரிஸ் நகருக்குப் போய், அந்நாளில் குரல் பயிற்சிக்குப் பெயர் பெற்றிருந்த மானுவல் கார்சியா என்ற ஆசிரியரிடம் பாடிக் காட்டினார். குரலே போய்விட்டது என்று ஆசிரியர் கூறிவிட்டார். சில வாரங்கள் பாடவே கூடாது, பேச்சையும் கூடியவரை குறைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அந்நிய ஊரில் வாய் மூடிக் கிடந்த அந்த நாட்களை ஜென்னி பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தார். பிறகு அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். எப்படி மூச்சு இழுப்பது, எப்படி விடுவது என்பதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கற்றார். பத்து மாதப் பயிற்சியில் குரல் மீண்டது. முன்னைவிட நன்றாகவே மீண்டது.

ஐரோப்பாவின் பைத்தியம்

பின்னர் பெர்லின், வியன்னா, லண்டன் என்று ஒவ்வொரு நகரமாக அவர் காலடியில் விழுந்தது. நைட்டிங்கேல் என்ற பாடும் பறவையின் பெயரை ஐரோப்பியர்கள் அவருக்குப் பட்டமாகச் சூட்டினார்கள். கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் அவர்மீது காதல் கொண்டார். ஜென்னியோ அவரைச் சகோதரராக மட்டுமே கருதினார். 1843-ல் ஆண்டர்சன் வெளியிட்ட நைட்டிங்கேல் கதை ஜென்னியை நினைத்து எழுதியது என்று சொல்வதுண்டு. ரத்தினம் பதித்த பொம்மைப் பறவை ஒன்று, அரண்மனையிலிருந்து நிஜப் பறவையை விரட்டிவிடுகிற கதை அது.

இசை மேதை மெண்டல்சன் ஜென்னியின் நெருங்கிய நண்பர். 1847-ல் லண்டனில் ஜென்னி முதன்முறை பாடியபோது விக்டோரியா மகாராணியே வந்து கேட்டார். அதே ஆண்டு நவம்பரில் மெண்டல்சன் இறந்துபோனார். அந்தத் துயரத்திலிருந்து மீள ஜென்னிக்கு நெடுநாள் பிடித்தது. அடுத்த ஆண்டு நண்பர் பெயரால் ஒரு கச்சேரி செய்து, மாணவர் உதவிச் சம்பளத்துக்கு நிதி திரட்டிக் கொடுத்தார்.

ஜென்னி ஆழ்ந்த பக்தி உள்ளவர். வேஷம் கட்டி ஆடும் வாழ்க்கை அவர் மனத்துக்கு ஒத்துவரவில்லை. 1849-ம் ஆண்டு மே மாதம், புகழின் உச்சியில் இருந்தபோதே, 28-வது வயதில் இசை நாடக மேடைக்கு முழுக்குப் போட்டார். இனிமேல் கச்சேரிகள் மட்டும்தான் என்று முடிவு செய்தார். தம் நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடங்கள் ஏற்படுத்த வேண்டும் என்பது அவரது கனவு. அதற்குப் பெரிய மூலதனம் வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலிருந்து தூதர் ஒருவர் வந்தார்.

விளம்பரச் சக்கரவர்த்தி

பி. டி. பார்னம் பெரிய தந்திரசாலி. குரங்கின் உடலையும் மீனின் வாலையும் சேர்த்துத் தைத்து, கடல் கன்னி என்று காட்டிப் பணம் பண்ணியவர். நியூயார்க்கில் அதிசயப் பொருட்காட்சி சாலை ஒன்றை நடத்தி வந்தார். அவருக்குச் சங்கீத ஞானம் கிடையாது. ஜென்னியின் பெயருக்குள்ள கவர்ச்சி மட்டும் அவருக்கு விளங்கியது. நல்ல காரியம் ஒன்றைச் செய்து தம் பெயரையும் கௌரவப்படுத்திக்கொள்ள அவர் விரும்பினார்.

அவர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் யாரையும் திகைக்க வைக்கும். 150 கச்சேரிகள் வரை, கச்சேரி ஒன்றுக்கு 1,000 டாலர். போக்குவரத்து, ஓட்டல், பணியாட்கள் செலவு எல்லாம் பார்னமுடையது. வாத்திய கோஷ்டியை நடத்த ஜூலியஸ் பெனடிக்ட், துணைக்குப் பாட பெல்லட்டி என்ற பாடகர். அவர்களுக்கும் தனிச் சம்பளம். மொத்தம் 1,87,500 டாலரை முன்கூட்டியே லண்டன் பாங்கியில் கட்டிவிட வேண்டும். பார்னம் சொத்துக்களை ஈடு வைத்தார், கடன் வாங்கினார். கடைசியில் குறைந்த 5,000 டாலரை ஒரு பாதிரியார் கொடுத்து உதவினார்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு பார்னம் அந்தச் செய்தியை ஒரு ரயில் ஊழியரிடம் பெருமையாகச் சொன்னார். ஜென்னி லிண்ட் என்பவர் நாட்டியக்காரியா என்று அவர் திருப்பிக் கேட்டார். பார்னமுக்குத் தலையில் தண்ணீர் கொட்டியது போல் ஆயிற்று. அன்றே விளம்பர யந்திரத்தை முடுக்கிவிட்டார்.

பத்திரிகைகள் மூலம் ஒருவர் குரலை ஜனங்களுக்குக் கேட்கச் செய்ய முடியாது. ஆனால் அவருடைய தர்ம குணத்தை எழுதலாம். பார்னம் அதைத்தான் செய்தார். ஜென்னியின் கொடைகள், எளிமை, ஒழுக்கம் ஆகியவை பற்றி ஆறு மாதம் ஓயாமல் செய்திகள் வந்தன. அவர் வந்து பாடப்போகும் வரவேற்புப் பாட்டுக்கு 200 டாலர் பரிசுப் போட்டி வைத்தார் பார்னம். நூற்றுக்கணக்கானவர்கள் பாட்டு எழுதி அனுப்பினார்கள். கப்பல் வந்து சேர்ந்தபோது, கையுறை, தொப்பி, சால்வை, நாற்காலி, பியானோ என்று எதை எடுத்தாலும் ஜென்னி லிண்ட் பெயரில் விற்பனையாயிற்று.

டிக்கெட்டுகளையும் ஏலத்தில் விட்டார். ஏலத்தைப் பார்ப்பதற்கே கட்டணம்! முதல் டிக்கெட்டை ஜெனின் என்ற தொப்பி வியாபாரி 225 டாலருக்கு எடுத்தார். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் அவர் பெயர். அவர் கடைத் தொப்பிக்கு ஊரெங்கும் கிராக்கி. பாஸ்டன் நகரில் முதல் டிக்கெட் 625 டாலருக்கும், பிராவிடன்ஸ் நகரில் 650 டாலருக்கும் போயிற்று. 650 டாலர் கொடுத்தவர் கச்சேரிக்குப் போகவே இல்லை!

முதல் கச்சேரி

செப்டம்பர் 11-ந் தேதி இரவு, பழைய கோட்டை ஒன்றைக் கூரை போட்டு மாற்றியமைத்த காஸில் கார்டன் மண்டபத்தில் முதல் கச்சேரி. 5,000 பேருக்கு மேல் வந்திருந்தனர். வெள்ளை உடையில் ஜென்னி மேடைக்கு வந்ததும் கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது. அந்த ஆரவாரமே அவரைக் கலங்க வைத்தது. முதல் பாட்டின் தொடக்கத்தில் குரல் நடுங்கியது. சில விநாடிகள்தான். பிறகு குரல் நிலைபெற்றது. கடைசியில், தம் நாட்டு இடையர்கள் மலையடிவாரத்தில் பாடும் பாட்டை எதிரொலியோடு அவர் பாடியபோது, விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் அதை மறந்துபோனார்கள்.

அன்றைய வசூல் 17,864 டாலர். தம் பங்கான சுமார் 10,000 டாலரையும் நியூயார்க் நகரின் தர்ம ஸ்தாபனங்களுக்கே கொடுத்துவிட்டதாக ஜென்னி அறிவிக்கச் செய்தார். பார்னமும் பெருந்தன்மை காட்டினார். கச்சேரி ஒன்றுக்கு 1,000 டாலர் போக, வசூல் 5,500 டாலருக்கு மேற்போனால் மிகுதியில் பாதி ஜென்னிக்கு என்று ஒப்பந்தத்தைத் தாமே மாற்றி எழுதினார்.

பெயரா, குரலா?

பாஸ்டன், பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன், ரிச்மண்ட், சார்ல்ஸ்டன் என்று ஊர் ஊராகக் கோஷ்டி போயிற்று. வாஷிங்டனில் ஜனாதிபதி பில்மோர் கச்சேரிக்கு வந்தார். கியூபா தீவின் ஹவானா நகரில் மட்டும் ஜனங்கள் கட்டணத்தைக் கண்டு கோபம் கொண்டு, அவரைச் சீறி ஒலி எழுப்பி வரவேற்றார்கள். ஜென்னி அசையாமல் நின்று பாடினார். பாட்டு முடிந்தபோது சீறியவர்களே கை தட்டினார்கள்.

பால்டிமோர் நகரில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்னம் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் ஒரு தோழியோடு கோயிலுக்குப் போய்ப் பாடகர் குழுவில் சேர்ந்து பாடினாள். அவளை ஜென்னி லிண்ட் என்று தவறாக நினைத்துக்கொண்டார்கள் ஜனங்கள். தேவகானம் என்று மெய்ம்மறந்து கேட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ சாதாரணக் குரல்தான்!

இது வேடிக்கைதான். ஆனால் ஜென்னிக்கு இதில் வேடிக்கை இல்லை. போகும் இடமெல்லாம் ஓட்டல் வாசலில் கூட்டம். வெளியே தலை காட்ட முடியவில்லை. டிக்கெட் ஏலமும் கூச்சலும் அவருக்குப் பிடிக்கவில்லை. பார்னமிடமிருந்து விலகிவிடும்படி அருகில் இருந்தவர்களும் தூண்டினார்கள். 1851 ஜூனில் பிலடெல்பியாவில் கச்சேரிக்கு அமர்த்திய மண்டபம், குதிரை வித்தைகள் நடந்த இடம். அதோடு பொறுமை போயிற்று. ஒப்பந்தப்படி 32,000 டாலர் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜென்னி விலகிக்கொண்டார். அதற்குள் 95 கச்சேரிகள் நடந்து, மொத்தம் 7,12,161 டாலர் வசூலாகியிருந்தது. அபராதம் போக ஜென்னிக்குக் கிடைத்தது 1,76,675 டாலர்.

பிறகு ஓராண்டுக் காலம் தம் சொந்தப் பொறுப்பில் பாடினார். மண்டபம் பிடிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அவர் தலையில் விழுந்தன. ஆரவாரம் அடங்கியது, நிம்மதியும் முழுதாகக் கிடைக்கவில்லை. பியானோ வாசிக்க வந்த ஆட்டோ கோல்ட்ஷ்மிட், மெண்டல்சனின் மாணவர். ஜென்னியைவிட ஒன்பது வயது இளையவர். 1852 பிப்ரவரியில் பாஸ்டன் நகரில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மே மாதம் 24-ந் தேதி, அதே காஸில் கார்டனில் கடைசிக் கச்சேரி. முதல் நாள் வசூல் அன்று வரவில்லை. விடைபெறப் போன பார்னமிடம், சொந்தப் பொறுப்பில் கச்சேரி நடத்துவது பெரிய தொல்லை என்று ஜென்னி ஒப்புக்கொண்டாராம்.

மிஞ்சியது எது?

ஐரோப்பாவுக்குத் திரும்பியபின் ஜென்னி பெரும்பாலும் குடும்பப் பெண்ணாகவே வாழ்ந்தார். மூன்று குழந்தைகளுக்குத் தாயானார். இங்கிலாந்தில் குடியேறி, தர்ம காரியங்களுக்கு அவ்வப்போது பாடினார். 1883 முதல் லண்டன் ராயல் சங்கீதக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தார். பாரிஸில் தாம் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை; மூச்சுப் பயிற்சியில் மாணவிகளிடம் மிகக் கண்டிப்பு. 1887 நவம்பர் 2-ந் தேதி, மால்வர்ன் மலையடிவாரத்து வீட்டில், 67-வது வயதில் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு ஞாபகச் சின்னம் இருக்கிறது.

அவர் முதலில் பாடிய காஸில் கார்டன், 1855 முதல் அமெரிக்காவில் குடியேற வந்த ஏழை ஜனங்களை இறக்கிப் பதிவு செய்யும் நிலையமாயிற்று. அவர் பெயரிட்ட தொட்டில்களும் கட்டில்களும் அவருக்குப் பிறகும் வெகு காலம் விற்பனையாயின. ஆனால் அந்தக் குரல் எப்படி இருந்தது என்று கேட்க ஓர் இசைத்தட்டும் இல்லை.

அமெரிக்காவில் சம்பாதித்த பணத்தின் பெரும்பகுதியை ஜென்னி தர்மத்துக்குக் கொடுத்தார். ஸ்வீடனில் ஏழைக் குழந்தைகளின் இலவசப் பள்ளிகள் அந்தப் பணத்தால் பயன் அடைந்தன. ஜன்னலோரத்தில் பூனைக்குப் பாடிய சிறுமியை அரசாங்கம் படிக்க வைத்தது. அந்தக் கடனை அடைக்கத்தான் அவர் கடல் தாண்டிப் போனார், அடைத்தும் விட்டார்.