காலி நாற்காலி வைத்தியர்

ஒரு அறை. அதில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே உள்ள நாற்காலி காலி.

அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து அவள் பேசுகிறாள். கோபப்படுகிறாள். கண்ணீர் விடுகிறாள். பிறகு எழுந்து போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து, தன் கேள்விக்குத் தானே பதில் சொல்கிறாள்!

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? பெண்ணுக்குக் காற்றுக் கருப்பு அண்டிவிட்டது என்று சொல்லி, பூசாரிக்கு ஆள் அனுப்புவார்கள்.

ஆனால், அவளுக்குப் பேயும் பிடிக்கவில்லை, பைத்தியமும் பிடிக்கவில்லை. மனப்பாரத்தை இறக்கி வைக்க நடக்கும் சிகிச்சை அது. கெஸ்டால்ட் சிகிச்சை என்று அதற்குப் பெயர்.

இதை உலகம் அறியச் செய்தவர், டாக்டர் பிரிட்ஸ் பெர்ல்ஸ். பிறர் மனப்புண்ணை ஆற்ற வந்த அவர், தன் மனப்புண்ணுக்கு ஏற்ற வைத்தியர் கிடைக்காமல் பல வருஷம் அலைந்தவர்!

முரட்டுப் பையன்

ஜெர்மனியின் தலைநகர் பெர்லினில், 1893-ம் ஆண்டு ஜூலை 8-ந்தேதி பெர்ல்ஸ் பிறந்தார். யூதக் குடும்பம். தகப்பனார் திராட்சை மது வியாபாரி.

தகப்பனாருக்கும் மகனுக்கும் ஆகவே ஆகாது. எப்போதும் திட்டும் சண்டையும்தான். பையனும் முரடனாக வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் இருந்து வெளியேற்றப்பட்டான்.

வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு படிப்பில் மனம் சென்றது. நாடகத்திலும் ஆசை வந்தது. புகழ்பெற்ற நாடகத் தயாரிப்பாளர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் மேடையில் சிறு வேஷங்களில் நடித்தார்.

முதல் உலகப் போர் மூண்டது. பெர்ல்ஸ் பட்டாளத்தில் சேர்ந்து, பதுங்கு குழிகளில் கிடந்தார். விஷப்புகையின் கொடுமையைக் கண்ணால் கண்டார். காயமும் பட்டார். உயிர் பிழைத்துத் திரும்பி, படிப்பை முடித்து டாக்டர் ஆனார்.

1926-ல் பிராங்பர்ட் நகருக்குப் போனார். போரில் மூளை அடிபட்ட சிப்பாய்களுக்கு அங்கே டாக்டர் கோல்ட்ஸ்டீன் சிகிச்சை செய்து வந்தார். பெர்ல்ஸ் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

மனிதனைக் கை, கால், மூளை என்று துண்டு துண்டாகப் பார்க்கக் கூடாது. முழு மனிதனாகப் பார்க்க வேண்டும். கோல்ட்ஸ்டீனிடம் அவர் கற்ற பாடம் இது. கெஸ்டால்ட் என்ற ஜெர்மன் சொல்லுக்கும் முழு உருவம் என்றே பொருள்.

லோரே என்ற படித்த பெண்ணையும் பெர்ல்ஸ் அங்கேதான் சந்தித்தார்.

நான்கு வைத்தியர்கள்

அந்தக் காலத்தில் மனோதத்துவம் என்றால் வியன்னாவில் இருந்த டாக்டர் சிக்மண்ட் பிராய்டுதான். நோயாளி கட்டிலில் படுத்து, மனதில் தோன்றுவதை எல்லாம் சொல்ல வேண்டும். வைத்தியர் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்பார். இந்த வைத்தியத்தைக் கற்க விரும்புகிறவர், முதலில் தானே நோயாளியாகப் படுக்க வேண்டும்.

பெர்ல்ஸ் முதலில் கரன் ஹார்னி என்ற பெண் டாக்டரிடம் போனார். அவரைப் பெர்ல்ஸுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஊர் மாற வேண்டி வந்தது. அடுத்து பிராங்பர்ட்டில் இன்னொரு பெண் டாக்டரிடம் சென்றார். அவர் ஒருநாள் திடீரென்று, சிகிச்சை முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

மூன்றாமவர் டாக்டர் ஹார்னிக். கைகுலுக்க மாட்டார். வாய் திறந்து பேசுவதே அபூர்வம். நேரம் முடிந்தது என்பதைக்கூடச் சொல்ல மாட்டார். காலைத் தரையில் தேய்த்துச் சத்தம் எழுப்புவார். அதுதான் அடையாளம்!

சிகிச்சை முடியும்வரை பெரிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. பெர்ல்ஸோ லோரேயைக் கல்யாணம் செய்ய நினைத்தார். ஹார்னிக்கை விட்டார். 1930-ல் கல்யாணம் நடந்தது.

பிறகு ஹார்னியின் யோசனைப்படி, டாக்டர் வில்ஹெம் ரைக்கிடம் போனார். ரைக் வார்த்தைகளை மட்டும் கேட்கவில்லை. எப்படி உட்காருகிறார், எப்படி மூச்சு விடுகிறார், எங்கே உடம்பை இறுக்கிக் கொள்கிறார் என்று கவனித்தார். தனக்குத் தோதான வைத்தியர் கிடைத்துவிட்டார் என்று பெர்ல்ஸ் உணர்ந்தார்.

லைட்டருக்குள் பணம்

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களுக்கு ஆபத்து சூழ்ந்தது. பெர்ல்ஸ் 100 மார்க் பணத்தைச் சிகரெட் லைட்டருக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, எல்லை தாண்டி ஹாலந்துக்கு ஓடினார். மனைவியும் குழந்தையும் பின்னர் வந்து சேர்ந்தார்கள். வறுமை வாட்டியது.

1934-ல் தென் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் தொழில் செழித்தது. சொந்த வீடு வந்தது. பேரும் வந்தது.

1936-ல் ஐரோப்பாவில் நடந்த மனோதத்துவ மாநாட்டுக்குப் பெர்ல்ஸ் வந்தார். குருவாக மதித்த பிராய்டைப் பார்க்க, ஆசையோடு அவர் வீட்டுக்குப் போனார். பிராய்டு அறை வாசலுக்கு வந்தார். எப்போது ஊர் திரும்புகிறீர்கள் என்று கேட்டார். சில நிமிஷங்களில் பேச்சு முடிந்துவிட்டது.

அத்தனை தூரம் கடல் கடந்து வந்தவரை வாசலோடு அனுப்பிவிட்டார்! அந்த அவமானத்தைப் பெர்ல்ஸ் கடைசிவரை மறக்கவில்லை.

புதிய சிகிச்சை

1946-ல் பெர்ல்ஸ் அமெரிக்கா சென்றார். 1951-ல் இரண்டு அறிஞர்களுடன் சேர்ந்து கெஸ்டால்ட் சிகிச்சை பற்றிப் புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டு, அவரும் மனைவியும் நண்பர்களும் நியூயார்க்கில் இதற்கென ஒரு நிலையம் தொடங்கினார்கள்.

இந்தச் சிகிச்சையில் கட்டில் இல்லை. வைத்தியரும் நோயாளியும் நேருக்கு நேர் உட்காருவார்கள். பழைய கதையை நீட்டி முழக்க வேண்டியது இல்லை. இந்த நிமிஷம் நெஞ்சு அடைக்கிறதா? கை நடுங்குகிறதா? அதில் இருந்து பேச்சு தொடங்கும்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஒரு வாலிபர் வேலை பார்க்கிறார் என்று வைத்துக் கொள்வோம். தகப்பனாரோடு சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோனது. சமாதானம் ஆவதற்குள் தகப்பனார் இறந்துவிட்டார். சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிட்டது. வாலிபருக்குத் தூக்கம் இல்லை. எதற்கெடுத்தாலும் எரிச்சல்.

வைத்தியர் ஒரு காலி நாற்காலியைக் காட்டுவார். தகப்பனார் அதில் இருப்பதாக நினைத்து, சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லச் சொல்வார். பிறகு வாலிபரே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தகப்பனாராகப் பதில் சொல்ல வேண்டும்.

செத்தவர் திரும்பி வரமாட்டார். ஆனால், நின்றுபோன பேச்சு முடியும். பாரம் குறையும்.

நாற்காலி யோசனை, மொரேனோ என்ற டாக்டரின் நாடகச் சிகிச்சையில் இருந்து வந்தது. கல்கத்தா டாக்டர் கிரீந்திரசேகர் போஸும், எதிராளியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும்படி நோயாளிகளுக்குச் சொல்லி வந்தார். 1922-ல் இந்திய மனோதத்துவ ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர் இவர்தான்.

ஒரு பெண், மூன்று வைத்தியர்கள்

1964-ல் அமெரிக்காவில் ஒரு படம் எடுத்தார்கள். கணவனைப் பிரிந்த ஒரு பெண், மூன்று பெரிய வைத்தியர்களிடம் தனித்தனியே பேசினாள்.

கார்ல் ரோஜர்ஸ் பரிவோடு கேட்டார். ஆல்பர்ட் எல்லிஸ் காரண காரியம் காட்டி வாதாடினார். இன்னொருவர் பெர்ல்ஸ்.

பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே சிரித்தாள். பெர்ல்ஸ் விடவில்லை. பயந்தவள் ஏன் சிரிக்கிறாய், நீ நடிக்கிறாய் என்று குத்திக் காட்டினார். அவளுக்குக் கோபம் பொங்கியது. மறைத்து வைத்த மனம் வெளியே வந்தது.

படப்பிடிப்பு முடிந்ததும், தனக்கு மிகவும் பயன்படக்கூடியவர் பெர்ல்ஸ்தான் என்றாள் அந்தப் பெண். ஆனால், பின்னாளில் பெர்ல்ஸ் நடத்திய விதத்தை நினைத்து மனம் கசந்தாள். ரோஜர்ஸோடு மட்டும், சாகும்வரை கடிதத் தொடர்பு வைத்திருந்தாள்.

அன்று பலித்த மருந்தே பின்னர் கசந்துவிட்டது!

இரண்டு பக்கம்

அதே 1964-ல் பெர்ல்ஸ் கலிபோர்னியாவில் கடலோரம் உள்ள எசலன் நிலையத்துக்குப் போனார். அவர் முன்னால் உட்கார்ந்து பேச ஆட்கள் திரண்டார்கள். பல வருஷத் துயரம் ஒரு மணி நேரத்தில் கரைந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. பலர் முன்னால் அவமானப்பட்டு, அழுதுகொண்டு போனவர்களும் உண்டு. வைத்தியர் மீறக் கூடாத ஒழுக்க வரம்புகளையும் அவர் மீறினார். தன் வாழ்க்கை வரலாற்றில் அதை அவரே எழுதியிருக்கிறார்.

வாசலில் நிறுத்தப்பட்ட வேதனையை அறிந்தவர், தம்மைத் தேடி வந்த சிலரை அதே வேதனையோடு அனுப்பிவிட்டார்.

மனைவி லோரேயின் வழி வேறு. நோயாளி தாங்கும் அளவு அறிந்து, தோள் கொடுத்து நடத்துவார். நியூயார்க் நிலையத்தைப் பல ஆண்டுகள் கட்டிக் காத்தவர் அவர்தான்.

பெர்ல்ஸ் 1969-ல் கனடாவுக்குச் சென்றார். 1970 மார்ச் 14-ந்தேதி சிகாகோவில் காலமானார். அப்போது வயது 76.

தோதான வைத்தியர் யார்?

பெர்ல்ஸின் வாழ்க்கை சொல்லும் பாடம் ஒன்று உண்டு. பேர் பெற்ற வைத்தியர் எல்லோருக்கும் ஏற்ற வைத்தியர் அல்ல. மனம் திறந்து பேச முடிகிறதா? நாம் சொல்வதை அவர் காதில் வாங்குகிறாரா? எல்லை அறிந்து நடக்கிறாரா? இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். முறைப்படி படித்துத் தகுதி பெற்றவரா என்பதையும் கேட்டு அறிய வேண்டும். பிடிக்காததை அவரிடமே சொல்லலாம். சரிப்படாவிட்டால் வேறு ஒருவரிடம் போவதில் வெட்கம் இல்லை.

காலி நாற்காலி எல்லோருக்கும் ஏற்றது அல்ல. காதில் யாரோ பேசுவதுபோல் கேட்டாலும், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலும், உடனே மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் பேசலாம்.

கோயிலுக்குப் போகிறவர்கள் போகட்டும். சாமி கும்பிட்ட கையோடு டாக்டரையும் பார்க்கட்டும். முதல் வாசலில் ஆறுதல் கிடைக்கவில்லை என்று பெர்ல்ஸ் தேடுவதை நிறுத்தவில்லை. நான்காவது வாசலில்தான் அவருக்கு வழி பிறந்தது!