லைன் பிஸியா? சர்வர் நெரிசலுக்கு 1917-லேயே கணக்குப் போட்ட எர்லாங் யார்?

ரிசல்ட் வரும் நாளில் இணையதளம் திறக்காமல் சுத்திக்கிட்டே இருக்கும். பின்னால் பல கம்ப்யூட்டர்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். எந்த மெஷினில் எவ்வளவு சுமை? அடுத்த வேலையை எதற்கு அனுப்புவது? மொத்தம் எத்தனை மெஷின் வாங்கினால் போதும்? இந்தக் கேள்விகளுக்கு அடித்தளம் போட்டவர், கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இறந்துபோனவர். பெயர், அக்னர் க்ராருப் எர்லாங்.

டென்மார்க்கின் லோன்போர்க் கிராமத்தில் 1878 ஜனவரி 1-ம் தேதி பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். 14 வயதிலேயே, வயது குறைவு என்பதால் சிறப்பு அனுமதி வாங்கி, கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் தொடக்கத் தேர்வை எழுதி பாஸானார். 1901-ல் கணிதப் பட்டம் வாங்கிவிட்டு, சில ஆண்டுகள் பள்ளிகளில் பாடம் நடத்தினார்.

திருப்பம் வந்தது கணிதச் சங்கத்தில். அங்கே பழக்கமானவர் யோஹன் யென்சன். கணித மாணவர்கள் இன்றும் படிக்கும் யென்சன் சமனின்மை இவருடையதுதான். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமை இன்ஜினீயரும் இவர்தான். அந்தத் தொடர்பில் 1908-ல் எர்லாங் கம்பெனிக்குள் வந்தார்.

அங்கே என்ன சிக்கல்? லைன் குறைவாகப் போட்டால் போன் கிடைக்காது. அதிகமாகப் போட்டால் கம்பெனி பணம் மண்ணுக்குள் கேபிளாகப் புதைந்து கிடக்கும்.

ஒரு கிராமத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் சராசரியாக 30 அழைப்புகள், ஒவ்வொன்றும் 2 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 60 நிமிடம். அப்படின்னா ஒரு லைன் போதுமே? போதாது. ஏன்னா, கூப்பிடுறவங்க ஒருவர் முடித்ததும் அடுத்தவர் என்று சொல்லி வைத்துக்கொண்டு வர்றதில்லை. எர்லாங் ஃபார்முலாப்படி, ஒரு லைன் மட்டும் இருந்தால் பாதிப் பேருக்கு இணைப்பு கிடைக்காது. 2 லைன் போட்டால் 5-ல் ஒருவருக்குக் கிடைக்காது. 3 லைன் என்றால் 16-ல் ஒருவருக்கு. 4 லைனில், 1,000 பேரில் சுமார் 15 பேருக்குத்தான் ஏமாற்றம்.

அழைப்புகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தாலும் அதற்குள் ஒரு கணித ஒழுங்கு இருக்கிறது என்பதை 1909 கட்டுரையில் காட்டினார். இணைப்பு கிடைக்காமல் போவதற்கும், காத்திருக்கும் நேரத்துக்குமான ஃபார்முலாக்கள் 1917-ல் வந்தன. பிரிட்டன் தபால் துறை அதை எடுத்துக்கொண்டது.

இவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த ஆள் இல்லை. ஆரம்பத்தில் உதவிக்கு ஆய்வக ஊழியர்களே கிடையாது. ஏணி தூக்கிவரும் ஒரு தொழிலாளியோடு கோபன்ஹேகன் தெருக்களில் நடந்து, மேன்ஹோலுக்குள் இறங்கி, கேபிள் பக்கம் கசியும் மின்சாரத்தை அவரே அளந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை, புத்தகங்கள், இல்லாதவர்களுக்கு உதவி, அவ்வளவுதான்.

சரி, இதற்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்? லைன் இருந்த இடத்தில் மெஷினை வையுங்கள், அழைப்பு இருந்த இடத்தில் வேலையை வையுங்கள். கணக்கு மாறாது. ஒரு வேலை சராசரியாக 1 நிமிடம் எடுக்கிறது, ஒரே மெஷின், வேலைகள் தாறுமாறாக வருகின்றன. சுமை 50% என்றால் சராசரிக் காத்திருப்பு 1 நிமிடம். 80% என்றால் 4 நிமிடம். 90% ஆனால் 9 நிமிடம்! மானிட்டரில் 10% மிச்சம் தெரியுதே என்று நிம்மதியாக இருக்க முடியாது என்பது இதனால்தான்.

இன்னொரு விஷயம் இன்னும் சுவாரஸ்யம். இரண்டு ஊர்களுக்குத் தனித்தனியாக 10 லைன், ஒவ்வொரு ஊரிலும் எந்த நேரத்திலும் சராசரியாக 5 பேர் பேசும் அளவு சுமை. 1,000-ல் 18 அழைப்புகள் கிடைக்காமல் போகும். அதே 20 லைனை இரண்டு ஊருக்கும் பொதுவாக்கினால்? வெறும் 2. புது லைன் ஒன்றுகூட வாங்கவில்லை. கம்ப்யூட்டர்களை ஒரே குழுவாக இணைத்து, பொது வரிசையிலிருந்து வேலையைப் பிரித்துக் கொடுப்பதன் லாபம் இதுவேதான்.

1929 பிப்ரவரி 3-ம் தேதி, வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு 51 வயதில் எர்லாங் இறந்தார். அவர் கட்டுரைகளைப் படிப்பதற்காகவே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒருவர் டேனிஷ் மொழி கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். 1946-ல் தொலைபேசிச் சுமையின் சர்வதேச அலகுக்கு எர்லாங் என்றே பெயர் வைத்தார்கள். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க பிஸியாக இருந்தால் அது 1 எர்லாங். 1980-களில் எரிக்சன் நிறுவனம் உருவாக்கிய கம்ப்யூட்டர் மொழிக்கும் அதே பெயர். உங்கள் வாட்ஸ்அப் மெசேஜை அனுப்பி வைக்கும் சர்வர்கள் அந்த எர்லாங் மொழியில் எழுதப்பட்டவைதான்.