பதினேழு வேலை பார்த்த பாட்டுக்காரர்

நம்ம எட்டயபுரத்துப் பாரதியாரை எல்லாருக்கும் தெரியும். அவருடைய சீடர் பாரதிதாசன். அந்தப் பாரதிதாசனிடம் புதுச்சேரிக்கே போய் இருந்து தமிழ் கற்றவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அப்படிப் பார்த்தா இவர் நம்ம பக்கத்துக்குப் பேரன் முறை.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் பட்டுக்கோட்டை அருகில் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்தார். தந்தை அருணாசலம், தாய் விசாலாட்சி. விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு ரொம்பக் கொஞ்சம். மாடு மேய்த்தார். மாம்பழம், இட்லி, முறுக்கு விற்றார். மீன், நண்டு பிடித்தார். தண்ணி வண்டி ஓட்டினார். உப்பளத்திலும் வேலை பார்த்தார். மொத்தம் 17 தொழில் என்பார்கள். இதை எல்லாரும் பெருமையாத்தான் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை. ஒரு வேலையில வயிறு நிறைஞ்சிருந்தா எதுக்கு இன்னொரு வேலை தேடப் போறார்? தூத்துக்குடி உப்பளத்துக்குப் போறவங்க பாதத்தைப் பார்த்தவங்களுக்கு இது தெரியும்.

தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்தார். கம்யூனிஸ்ட் கட்சியின் ஜனசக்தி பத்திரிகையில் கவிதை எழுதினார். பிறகு சினிமா. பாசவலை, மகாதேவி, கல்யாணப் பரிசு எல்லாமே நாலைந்து வருஷத்துக்குள்ள எழுதியது!

1958-ல் வந்த நாடோடி மன்னன் படத்தில் ஒரு பாட்டு. நிலம் நல்லா விளைஞ்சும் பாடுபட்ட நமக்கு என்ன மிச்சம்னு ஒரு பொண்ணு கேட்பா. அவன் நம்பிக்கை சொல்லிக்கிட்டே வருவான். கரிசல்ல மழையை நம்பி பருத்தி, உளுந்து போடுற வீடுகள்ல தினமும் நடக்கிற பேச்சுதான் அது. எங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கிக்கிட்டே அதைப் பாடுவாங்க. யார் பாட்டும்மான்னு கேட்டா, எம்.ஜி.ஆர். பாட்டும்பாங்க. எழுதினவர் பேரு அங்க ஒருத்தருக்கும் தெரியலை. அதனாலதான் இதை எழுதினேன்.

மனைவி கௌரவாம்பாளையும் கைக்குழந்தையையும் விட்டுட்டு 1959 அக்டோபர் 8-ஆம் நாள் இறந்துட்டார். வயசு 29தான்.

அவர் பாட்டு எழுதிய அரசிளங்குமரி 1961-லதான் வெளிவந்தது. பேய் இருக்குன்னு பயங்காட்டினா நம்பாதேன்னு ஒரு சின்னப் பையனுக்குப் புத்தி சொல்ற பாட்டு அதுல இருக்கு. பையனுக்குத்தான் சொல்லியிருக்கார். ஆனா, நம்ம பள்ளிக்கூடத்துப் புளியமரத்தைச் சுத்திப் போற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் கேட்கலாம்.